என் பெயரில் அங்கே ஒரு கணக்கு

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் மறைக்காமல் தெரிவிக்கவும். என் உடம்பைப் பற்றிப் பிறகு வருகிறேன். போனில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் "அம்மா, முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க" என்று நீ ஆரம்பித்துவிடுவாய், பிறகு நீ அழுவாய், நான் வைத்துவிடுவேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. ஆகவே உட்கார்ந்து முழுவதும் படி.

இரண்டாவது வங்கியின் பதில் உனக்கும் வந்திருக்கும். எனக்கு மாடி வீட்டு நர்ஸ் படித்துச் சொன்னாள். மொத்தமே இரண்டு வரி, அதில் ஒரு வரி வருந்துகிறோம் என்பது. மூன்றாவதாக ஒரு வங்கியைப் பார்க்கலாம், அங்கே கொஞ்சம் தளர்வாக இருப்பார்கள் என்று மாப்பிள்ளை சொன்னதாக நீ செய்தி அனுப்பியிருக்கிறாய். அவருக்கு என் நன்றியைச் சொல். ஆனால் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதற்குத்தான் இந்தக் கடிதம். உனக்கு இதில் பாதிதான் தெரியும்.

உன்னோடு வந்து கடைசிவரை இருக்க எனக்கு அந்த நாட்டின் நீண்டகால அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்க, அங்குள்ள வங்கியில் என் பெயரில், என் கையெழுத்துக்கு மட்டும் கட்டுப்பட்ட ஒரு கணக்கு வேண்டும். அங்கே குடியில்லாத வெளிநாட்டுக் கிழவிக்குக் கணக்குத் திறக்க அவர்களுக்கு ஆயிரம் சந்தேகம். போன வருஷம் நீ இதைச் சொன்னபோது எனக்கு மலைப்பாகவே இல்லை. காகிதம்தானே, ஒழுங்காக அடுக்கிக் கொடுத்தால் எவன் மறுப்பான் என்று நினைத்தேன். கான்வென்டில் எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். விடை சரியாகவும் எழுத்து சுத்தமாகவும் இருந்தால் மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும்.

முகவரிக்குச் சான்றாக என் பெயரில் ஒரு ரசீது கேட்டார்கள். வீட்டுக்கு வருகிற மின்கட்டணம், தண்ணீர் வரி, எல்லாம் உன் அப்பா பெயரில்தான் இருந்தது. நான் மாற்றவே இல்லை. இதற்காகத்தான் மாற்றப் போனேன். மின் அலுவலகத்து எழுத்தர் இறப்புச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, இவ்வளவு காலமா போய்ச் சேர்ந்தவருக்கா நாங்க கரண்ட் குடுத்துட்டிருந்தோம்" என்றார். பணம் ஒழுங்காக வந்துகொண்டுதானே இருந்தது என்றேன். முத்திரை குத்தி மாற்றிக் கொடுத்தார். அடுத்த மாதம் மீட்டர் பார்க்க வந்தவர் வாசலில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, யாரையோ கூப்பிடுகிறார் என்று உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு நம் வங்கியின் நற்சான்றுக் கடிதம். மேனேஜர் உன்னைவிடச் சின்னவர். "மேடம், இந்த மாதிரி லெட்டர் நாங்க குடுத்ததே இல்லையே" என்று தலையைச் சொறிந்தார், பிறகு மேலிடத்தைக் கேட்டு அடித்துக் கொடுத்தார். முதல் நகலில் என்னை முதல் வாக்கியத்தில் ஆணாகவும் அடுத்ததில் பெண்ணாகவும் எழுதியிருந்தது. இரண்டாவது நகலில் தேதி தப்பு. மூன்றாவதில் முற்றுப்புள்ளியே இல்லாமல் ஒரு பத்தி. அதையும் திருப்பிக் கொடுத்தபோது, "நீங்க ஹெட்மிஸ்ட்ரஸா இருந்தீங்களா மேடம்" என்று கேட்டார். இல்லை, மாணவியாகத்தான் இருந்தேன் என்றேன். பக்கத்து மேசையில் இருந்த காசாளர் குனிந்துகொண்டு சிரித்தார். அன்றைக்கு என் இடது கண்ணால் முற்றுப்புள்ளியைத் தேட முடிந்தது.

முதல் வங்கியின் வீடியோ விசாரணை நடந்த விதம் உனக்கு நர்ஸ் சொல்லித்தான் தெரியும், அவள் கொஞ்சம் மசாலா சேர்த்திருப்பாள். நான் கஞ்சி போட்ட சாம்பல் நிறப் புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் போனைச் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து வைத்தாள். கழுத்தில் பட்டுத்துணி கட்டிய ஒரு பெண் வந்தாள், மரியாதையான பெண். அவள் ஆங்கிலத்தில் ஒரு இடத்தைத் திருத்தினேன், அவளும் நன்றி சொன்னாள். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. வருகிற ஆண்டில் எங்கள் நாட்டில் குடியிருக்கும் எண்ணம் உண்டா என்று கேட்டாள். அவ்வப்போது வந்து போவேன் என்று சொல்லும்படி நீ என்னைப் பழக்கியிருந்தாய். நான், ஆமாம், என் மகளோடு இருக்க வருகிறேன், திரும்பிப் போக மாட்டேன், அதற்குத்தான் இந்தக் கணக்கே என்றேன். அவள் கை அப்படியே நின்றது. இது குடியிருக்காதவர்களுக்கான கணக்கு, குடியிருப்பவர்கள் அனுமதியோடு வர வேண்டும் என்றாள். அனுமதிக்காரர்கள் கணக்கோடு வா என்கிறார்களே என்றேன். புரிகிறது என்றாள். புரிந்தால் ஏதாவது செய் என்றேன். சிரித்தாள், பாவம், சிரித்துக்கொண்டே மறுப்பையும் எழுதினாள்.

நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மா, பேங்க்காரி கேட்டா பதில் சொல்லணும். நீங்க பாவமன்னிப்புக்குப் போன மாதிரி எல்லாத்தையும் கொட்டிட்டீங்க" என்றாள். நீ போனில், "ஒரே ஒரு வார்த்தையை மாத்திச் சொன்னா உங்க கிரீடம் இறங்கிடுமாம்மா" என்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை, நீ அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டாய். பொய் சொல்லக் கூடாது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் உன்னோடு இருக்க வருகிறேனா என்று அதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. எல்லாரும் காகிதத்தைத்தான் கேட்டார்கள். அந்தப் பெண் கேட்டபோது வாய்விட்டுச் சொல்ல ஆசையாக இருந்தது, சொல்லிவிட்டேன்.

இரண்டாவது வங்கிக்கு நீ சொன்னபடியே நடந்தேன். நர்ஸ் அதிகாரியாக உட்கார்ந்து கேட்க, நான் பதில் சொல்லிப் பழகினேன். நான் தடுமாறியபோதெல்லாம் "ஃபெயில், நெக்ஸ்ட் பேட்ச்ல வாங்க" என்று விரட்டினாள். அன்றைக்கு வந்தவர் ஒரு ஆண், குரலில் அவசரம் இல்லை. எதற்காகக் கணக்கு என்றார். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து மகளைப் பார்த்து, ஊர் சுற்றிவிட்டுத் திரும்புவேன், அந்தச் செலவுக்கு என்றேன். ஒரு எழுத்துப் பிசகவில்லை. பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று தெரியாமலே இத்தனை வயது போக்கிவிட்டேன். பிறகு பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்து எண்ணைப் படிக்கச் சொன்னார். நான் அதை முன்பே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நிமிர்ந்து உட்கார்ந்து ஒப்பித்தேன். அவர் கொஞ்சம் பொறுத்து, அம்மா, பாஸ்போர்ட் தலைகீழாக இருக்கிறது என்றார்.

அடுத்ததாகத் திரையில் மூன்று வரி வரும், அதைப் படியுங்கள் என்றார். அதை மனப்பாடம் செய்ய வழியில்லை. கதவருகிலிருந்து நர்ஸ் மெதுவாக எடுத்துக் கொடுக்கப் பார்த்தாள். அறையில் யாரும் இருக்கக் கூடாது என்று அவர் சொன்னதும் அவள் வெளியே போய்விட்டாள். நான் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிதானமாகப் படியுங்கள், கண்ணாடி வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். போட்டுத்தான் இருக்கிறேன் என்றேன். தூரத்திலிருந்து கணக்குத் திறக்கிறவர் எதில் கையெழுத்திடுகிறோம் என்பதைத் தானே படித்தறிய வேண்டும், முடியாதவர்கள் துணையோடு நேரில் வரலாம் என்று விதியைச் சொன்னார். நேரில் வர அனுமதி வேண்டும். குறுகிய நாள் அனுமதிக்கும் வழியில்லை, நிரந்தரமாகத் தங்கக் கேட்டவள் திரும்பிப் போவாள் என்று நம்ப மாட்டோம் என்று முன்பே மறுத்துவிட்டார்கள். உன் பெயரையும் சேர்த்துக் கூட்டுக் கணக்காக்கலாமா என்று நீ கேட்பாய். நானே அனுமதி அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டேன். அது என் சொந்தக் கணக்காகாதாம்.

இப்போது என் உடம்பைப் பற்றி. வலது கண் போனது உனக்குத் தெரியும். இடது கண்ணும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது, உன்னிடம் சொல்லவில்லை. விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போகிறது. டாக்டர் ஊசி போட்டுப் பார்த்தார், "இருக்கறதைக் காப்பாத்தத்தாம்மா பாக்கறோம், போனது திரும்பாது" என்றார். இருந்ததும் நிற்கவில்லை. ஓரப் பார்வை இருக்கிறது, கதவு தெரிகிறது, ஆள் நடப்பது தெரிகிறது. எதை நேராகப் பார்க்கிறேனோ அந்த இடம் மட்டும் அழிந்துபோகிறது. வீடியோவில் உன்னைப் பார்க்கும்போது உன் காது தெரிகிறது, தோள் தெரிகிறது. மெலிந்திருக்கிறாய் என்று போன தடவை சொன்னது குரலை வைத்துத்தான். இந்தக் கடிதத்தைக் கைப்பழக்கத்தில் எழுதுகிறேன். நர்ஸ் ஒரு அட்டையில் வரிக்கு ஒரு சந்து வெட்டிக் கொடுத்திருக்கிறாள். எழுதியதை என்னால் திரும்பப் படிக்க முடியாது. பிழைகள் இருந்தால் நீ திருத்திப் படித்துக்கொள்.

உடனே வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்பாய். அதைச் சொல்லாதே. மாப்பிள்ளையின் வேலை போய் வீட்டில் இருக்கும் நேரம் இது, உன் வேலையை வைத்துத்தான் நீங்கள் இரண்டு பேரும் அந்த நாட்டில் இருக்கிறீர்கள். அதை விட்டால் நாளைக்கு நீங்களும் என்னைப் போல வாசலில் நின்று காகிதம் நீட்ட வேண்டியதுதான். அவரை ஒரு சொல் குத்திப் பேசாதே. வேலையில்லாத ஆண் தண்ணீர் கேட்பதற்கும் யோசிப்பான். உன் அப்பா அப்படி ஒரு வருஷம் இருந்திருக்கிறார், எனக்குத் தெரியும்.

தனியாக இங்கே இருக்கவும் இனி முடியாது. போன வாரம் பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது, நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன், கேஸ் நாற்றம் மாடிக்குப் போய் நர்ஸ் ஓடி வந்தாள். திட்டாமல் சன்னல்களைத் திறந்தாள், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவளுக்கும் வேறு ஊரில் பெரிய மருத்துவமனையில் வேலை கிடைத்து மாதக் கடைசியில் போகிறாள். அவளே ஒரு பெண்கள் இல்லத்துக்கு அழைத்துப் போய்க் காட்டினாள். சுத்தமாக இருக்கிறது. தாழ்வாரம் முழுக்கச் சுவரில் பிடித்து நடக்கக் கம்பி போட்டிருக்கிறார்கள். அறையில் இரண்டு கட்டில், என் கட்டில் சன்னல் பக்கம், சன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர். இன்னொரு கட்டிலில் இருப்பவர் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வாய் ஓயவில்லை. நான் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, "கான்வென்ட் பொண்ணா நீங்க, அதான் நாற்காலியில சாயாம உட்கார்றீங்க. இங்க வந்தவங்க எல்லாரும் கடைசியில சாஞ்சுட்டாங்க" என்றார். நான் எழுந்து அலுவலக அறைக்குப் போனேன். சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுச் சாவியை உன் சித்தப்பா மகன் வாங்கிக்கொள்வான். அலமாரியில் உன் பள்ளிக்கூடப் பரிசுகள் இருக்கின்றன, அவற்றை என்ன செய்வது என்று அவனுக்குச் சொல். எனக்கு அங்கே வைக்க இடமில்லை.

உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளை வாங்கிச் சேர்த்த படிவங்களையெல்லாம் கிழித்துப் போடுங்கள், கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் திரும்பவும் ஏதாவது தோன்றும். நாற்பது தாண்டிவிட்டாய், இந்தக் கண் நோய் தாய்வழி வரும் என்று டாக்டர் சொன்னார். இந்த மாதமே போய்க் கண்ணைக் காட்டு, சீட்டை எனக்கு அனுப்பச் சொல்லவில்லை, காட்டினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் நம்புவேன். வேளைக்குச் சாப்பிடு, நின்றுகொண்டு சாப்பிடாதே. நீங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட நாள் நிறைவாக இருக்க என் மனமார்ந்த ஆசிகள்.

கடைசியாக ஒன்று. இல்லத்தில் அவரவர் போன் வைத்துக்கொள்ள விடுவதில்லை, இருக்கிற ஒரே போன் கூடத்தில், எல்லார் நடுவிலும் இருக்கிறது. வருகிற கடிதங்களை மேட்ரன் அம்மா சாப்பாட்டு நேரத்தில் சத்தமாகப் படித்துக் காட்டுவாராம். ஆகவே என்னிடம் மட்டும் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் மாதம் முடிவதற்குள் போன் போட்டுச் சொல்லிவிடு, நான் குறுக்கே பேச மாட்டேன். அதற்குப் பிறகு எழுதும்போது, நாலு பேர் கேட்கலாம் என்று இருப்பதை மட்டும் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா