பத்துன்னா பத்துதான்

என் அக்கா பெற்ற இன்ஜினியருக்கு மாமாவின் ஆசிகள்.

இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். நாலு வயதில் நீ நாற்காலி மேல் நாற்காலி அடுக்கினால், ஆட்டிப் பார்க்காமல் ஏற மாட்டாய். இவள் கிரேனுக்குக் கணக்குப் போடுவாள் என்று அப்போதே உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் மறந்திருப்பாள்.

நம் இரும்பு யார்டு கிரேனின் மேல் உத்தரம் பலவீனம், அடியில் தகடு வைத்துப் பற்றவைக்கும் வரை ஓட்டக் கூடாது என்று நீ உன் ஆபீசிலிருந்து கணக்குப் போட்டு எழுதியதும், அதை ஓட்டும் உன் அப்பா சும்மா உட்கார வேண்டியதாயிற்று. பெத்த பொண்ணே அப்பன் வண்டிக்குப் பூட்டு போட்டுட்டா என்று வெல்டர்கூடச் சிரித்தான். அதிலிருந்து உன் போன் வந்தால் மனிதர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று தடவை குளித்தார்.

தகடு வைத்து முடித்து, நேற்று சோதனை. பத்து டன் கிரேனில், சோதனைக்கென்று மட்டும் கால் பங்கு கூட்டி, பன்னிரண்டரை டன். கொக்கி மாட்டியது நான். என்னை விட்டால் ஆளில்லை என்று மேனேஜரே கெஞ்சினார். கேபினில் உன் அப்பா. பாரம் எழும்பியது. உத்தரம் நடுவில் பதினான்கு மில்லிமீட்டர் தொய்யும் என்று எழுதியிருந்தாயே, சோதிக்க வந்த அதிகாரி அளந்தார். பதினான்கேதான். இறக்கியதும் பழையபடி நிமிர்ந்துகொண்டது. இது யார் போட்ட கணக்கு என்று அதிகாரி கேட்டார். நான் வளர்த்த பிள்ளை என்றேன். உன் அப்பா இறங்கி வந்து என் தோளைப் பிடித்து, அவளைப் பேசச் சொல்லு மாப்ளே என்றார்.

இன்று பத்தே முக்கால் டன் கம்பிக் கட்டு வந்தது. முன்பெல்லாம், என் வண்டி என் பேச்சைக் கேக்கும் என்று பதினொன்றுகூடத் தூக்கிய உன் அப்பா, இன்று பத்துன்னா பத்துதான், பிரிச்சுக் கட்டு என்றுவிட்டார். இது யாரு போட்ட சட்டம் என்று லாரிக்காரன் முறைத்தான். எங்க வீட்ல ஒருத்தி இருக்கா, அவ சொன்னா சொன்னதுதான் என்றார். லாரிக்காரன் அது உன் அம்மா என்று நினைத்துக்கொண்டு, பாவப்பட்டு, கட்டைப் பிரிக்கப் போனான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். தோளைப் பிடித்தது நிஜம். உன்னைப் பேசச் சொன்னார் என்றது மட்டும் நானாகச் சேர்த்தது. லாரிக்காரனிடம் சொன்னது சத்தியமாக அவர் வாயால் வந்தது. அவ்வளவு அழகாக எனக்குப் பொய் வராது. அதனால் ஒரு சாயங்காலம் போன் போடு, கண்ணு. அந்த நேரத்தில் தினமும் குளியலறையைப் பூட்டிச் சாவியை என் சட்டைப்பையில் வைத்திருப்பேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கொக்கி மாமா