நர்கிஸின் தட்டில் பதினெட்டு முட்டை

என் பொன்னு மகள் ஆர்ஷாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே திருவனந்தபுரத்தில் எல்லோரும் சுகம், அப்பாவுடைய முட்டுவலி அப்படியே இருக்கிறது, வாயும் அப்படியே. கனடா குளிரில் நீ சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். ஃபோனில் சொன்னால் இடையில் சிரித்துக் கெடுப்பாய் என்றுதான் எழுதுகிறேன், தம்பி ஷிபு இதை ஃபோட்டோ எடுத்து அனுப்புவான். நாலாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, டீச்சரம்மா சிவப்பு மையோடு வரவேண்டாம்.

உன் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த சிரியா நாட்டுப் பிள்ளைக்காக, நீ இங்கே நான் மத்தியானச் சோறு சமைக்கிற பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பின அந்த அகதிப் பெண் கதைப்புத்தகத்தை அடுத்த வாரம் வாசிக்கப் போகிறாயாமே. கொஞ்சம் நில் மக்களே. இங்கே மூன்றாம் வகுப்பில் நர்கிஸ் என்று ஒரு ஆப்கான் பிள்ளை சேர்ந்திருக்கிறது, தகப்பன் யூனிவர்சிட்டியில் ஆராய்ச்சிக்கு வந்தவர். அந்த வகுப்பு ஆஷா டீச்சர் உன் புத்தகத்தை மலையாளத்தில் சொன்னாள். முக்காடு போட்ட பெண் பட்டினியோடு படகில் வருகிற இடத்தில் வகுப்பே அழுதது, ஜன்னல் பக்கம் அரிசி கழுவிக்கொண்டிருந்த நானும் அழுதேன். அன்று முட்டை கொடுக்கிற நாள். மனசு கேட்காமல் நான்தான் முதலில் நர்கிஸ் தட்டில் இரண்டு வைத்தேன். அதைப் பார்த்து மற்றதுகளும் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து வைத்தன, முட்டைக்கு அடிபிடி கூடுகிற பிஜுவும்கூட. மொத்தம் பதினெட்டு. அந்தப் பிள்ளை ஒன்றையும் தொடாமல் எழுந்து போனது, மூன்று நாள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் தகப்பன் வந்து இங்கிலீஷில் பேசினார், ஆஷா டீச்சர் எனக்குச் சொல்லித்தந்தாள். நாம் எந்தப் படகில் வந்தோம் என்று மகள் கேட்கிறாளாம். அவர்கள் வந்தது விமானத்தில், அவளுக்கு ஜன்னல் சீட்டு, ஒரே ஒரு தடவைதான் வாந்தி எடுத்தாளாம். எல்லோரும் அப்படிப் பார்த்தால் இனி வரமாட்டேன் என்கிறாளாம். எங்கள் இரண்டு பேருக்கும் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. டீச்சர் புத்தகத்தைத் தகப்பனிடமே கொடுத்து, இதில் எது சரி எது தப்பு என்று நர்கிஸ் பார்த்துச் சொல்லட்டும், அவள் சொல்லாமல் இனி நான் வாசிக்கமாட்டேன் என்றாள்.

மறுநாளே பிள்ளை புத்தகத்தோடு வந்துவிட்டது. கடைசி வெற்றுத்தாளில் அது வரைந்த ஒரு விமானம், ஜன்னலில் பல் தெரியச் சிரிக்கிற ஒரு பிள்ளை. இந்தக் கதையில் வருகிற பெண் எல்லாப் பக்கத்திலும் அழுகிறாளே, இவளுக்குச் சிரிக்கத் தெரியாதா என்று முறிந்த மலையாளத்தில் வகுப்பைக் கேட்டதாம். அடுத்த முட்டை நாளில் எல்லோருக்கும்போல அதற்கும் ஒன்றுதான் வைத்தேன். நர்கிஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தது. தன் முட்டையை எடுத்து என் கரண்டியிலேயே திருப்பி வைத்து, கண்ணைச் சுருக்கி, அய்யோ பாவம் அம்மச்சி, சாப்பிடு என்றது. வரிசையே சிரித்து மறிந்தது. ஊரையே கேலி செய்கிற உன் அம்மாவுக்கு இப்போதுதான் ஒரு ஆள் வாய்த்திருக்கிறது.

அதனால் புத்தகத்தை வகுப்பில் திறக்கும் முன்னால் அந்தச் சிரியாப் பிள்ளை கையில் கொடு. தொப்பி போடாமல் வெளியே இறங்காதே. நீயும் உன் பிள்ளைகளும் நன்றாக இருக்க என் ஆசீர்வாதம்.

உன் அம்மா,
பதினெட்டு முட்டை லீலாபாய் (வகுப்பு வைத்த பெயர்)