லாக் புத்தகத்தில் இல்லாத குரல்

ஜூன் 3

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். முன்பின் பழக்கமில்லாமல் கடிதம் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஹாம் ரேடியோ கிளப் நண்பர்கள் எல்லோரும் ரேடியோவில் கூடும்போதே உங்களிடம் கேட்டிருக்கலாம். அங்கே என் பெயரைக் கூப்பிட்டால் "வந்திருக்கேன், நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு மைக்கை வைத்துவிடுவேன். இத்தனை பேர் காதில் விழ இதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் கியூஎஸ்எல் கார்டுகள் மூன்று நேற்று வந்தன. மே 7, மே 15, மே 27. மூன்று நாளும் காலை பதினொரு மணியை ஒட்டி நாம் பேசியதாக எழுதியிருக்கிறீர்கள். ஐயா, அந்த நேரத்தில் நான் வீட்டில் இருப்பதே இல்லை. எட்டரைக்கே இன்வெர்ட்டர் பழுதுபார்க்கும் கடைக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவேன்.

ஹாம் ரேடியோவில் பேச லைசென்ஸ் வாங்கி ஏழு மாதம் ஆகிறது. இதுவரை நாற்பத்தொரு பேரிடம் பேசியிருக்கிறேன். ஒவ்வொன்றையும் நிமிடத்தோடு லாக் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அதில் உங்கள் அழைப்புக்குறி இல்லை. பேசியவர்கள் ஒருவருக்கொருவர் சாட்சியாக அனுப்பிக்கொள்வதுதான் இந்தக் கார்டு என்று படித்திருக்கிறேன். பேசாத பேச்சுக்குக் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. கார்டுகளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். வேறு யாருக்கோ போக வேண்டியது தவறி வந்திருக்கலாம். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பணிவுடன்,
சிட்டு


ஜூன் 8

சகோதரிக்கு,

வணக்கம். முப்பத்தோரு வருடமாக இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறேன். என் கார்டு தொலைந்திருக்கிறது, நனைந்திருக்கிறது, எலிகூடக் கடித்திருக்கிறது. திரும்பி வந்தது இதுதான் முதல் தடவை. முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. நான் லிஃப்ட் மெக்கானிக். கண் முன்னால் நடந்ததை மட்டும் எழுதியே பழக்கப்பட்டவன். என் லாக்கில் உள்ளதை அப்படியே தருகிறேன். படித்துவிட்டுச் சொல்லுங்கள், நான் பொய் சொல்கிறேனா என்று.

மே 7. உங்கள் அழைப்புக்குறியைச் சொல்லிக் கூப்பிட்டீர்கள். பெயர் சிட்டு என்றீர்கள். சத்தம் வெடித்தது. "மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்கம்மா" என்றேன். "எவ்வளவு தள்ளிங்க, ஒரு சாணா, ரெண்டு சாணா?" என்று கேட்டீர்கள். சிரித்துவிட்டேன். அடுத்த வாக்கியத்திலேயே சத்தம் சரியாகிவிட்டது.

மே 15. மழை பெய்தால் மீட்டர் முள் ஒரேயடியாக ஏறிவிடுகிறது, ஏன் என்று கேட்டீர்கள். மொட்டைமாடியில் ஆன்டெனாக் கம்பியும் கேபிளும் சேரும் இடத்தில் தண்ணீர் இறங்கியிருக்கும், துடைத்துக் காயவைத்து இறுக்கமாகச் சுற்றிக் கட்டுங்கள் என்றேன். குரலில் கரகரப்பு இருந்ததையும் குறித்திருக்கிறேன்.

மே 27. கரகரப்பு அதிகம். பவர் சப்ளையில் கோளாறு இருக்கும், திறந்து பாருங்கள் என்றேன். அதற்கு நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "மெஷின் நல்லாத்தாங்க இருக்கு. கோளாறு என் தொண்டையிலதான். கட்டி ஒண்ணு வந்திருக்கு. ஊசி குத்தி எடுத்துப் பாக்கணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. எம் பொண்ணு அடுத்த மாசம் இருபத்தெட்டாம் தேதி வெளிநாட்டு வேலைக்குப் போறா. அவ பிளேன் ஏறட்டும், மறுநாளே போயிடறேன்."

உங்கள் கடிதம் என் கைக்கு வருவதற்கு முன், ஜூன் 5 அன்றும் பேசினோம். தள்ளிப்போடாதீர்கள் என்று அன்றும் சொன்னேன். மகள் கிளம்பும் ஏற்பாடுகள் எப்படி நடக்கின்றன?

இத்தனைக்குப் பிறகும் பேசியது நானில்லை என்று நீங்கள் சொன்னால், உங்கள் அழைப்புக்குறியை யாரோ திருடிப் பேசுகிறார்கள் என்று அர்த்தம். கிளப்பில் அலைவரிசையைக் கண்காணிக்கும் பொறுப்பு என்னுடையது. லைசென்ஸ் அலுவலகத்துக்கு எழுதியே ஆக வேண்டும். பதினெட்டாம் தேதி வரை உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

லிஃப்ட்காரர்


ஜூன் 11

மதிப்பிற்குரிய ஐயா,

அந்த மகள் நான்தான். இருபத்தெட்டாம் தேதி பிளேன் ஏறப் போகிறவள்.

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்தேன். படித்து முடித்தபோது கையில் சூடான சால்டரிங் அயர்ன் இருந்ததே நினைவில்லை. மேசை விரிப்பில் ஓட்டை விழுந்த பிறகுதான் முதலாளி கத்தினார்.

அன்று மாலை நேராக மொட்டைமாடிக்குப் போனேன். கேபிள் சேரும் இடத்தில் பிளாஸ்டிக் பை சுற்றியிருந்தது. அதன் மேல் ஓவர்லாக் நூலை நெருக்கி நெருக்கிச் சுற்றி, பொத்தான் தைத்து முடிக்கும்போது போடுகிற முடிச்சு போட்டிருந்தது. அம்மா துணி ஆலையில் தையல் வேலை செய்கிறாள். மதியம் இரண்டு மணிக்குத் தொடங்குகிற ஷிஃப்ட். காலையில் நான் போன பிறகு வீட்டில் அவள் மட்டும்தான். அப்பா இல்லை. என்னைச் சிட்டு என்று கூப்பிடுவதும் அவள்தான். அந்தப் பெயரைத்தான் நான் ரேடியோவில் வைத்துக்கொண்டேன். அதையே அவளும் சொல்லியிருக்கிறாள்.

அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பரீட்சைக்காக நான் ராகம் போட்டு மனப்பாடம் செய்ததைக் காய் நறுக்கிக்கொண்டே கேட்டு, அழைப்புக்குறி சொல்கிற விதம், 'ஓவர்' சொல்கிற இடம் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான்தான் என்று எல்லோரிடமும் சொல்லிப் பூரிப்பாள். நான் படித்ததை எல்லாம் அவளும் பக்கத்தில் இருந்து படித்திருக்கிறாள் என்பது எனக்குத்தான் தெரியாமல் போயிற்று.

நேற்றுச் சாப்பிடும்போது, "குரல் ஏம்மா இப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"ஆலையில பஞ்சுத் தூசி. புதுசா கேக்கிற?"

கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டிருந்தாள். எத்தனை நாளாகப் போட்டிருக்கிறாள் என்று யோசித்துப் பார்த்தேன். சொல்லத் தெரியவில்லை. ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். ஒரே அறையில் படுக்கிற எனக்குக் கேட்கவில்லை.

ஐயா, அலுவலகத்துக்கு எழுத வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். நேர்காணலில் என்னிடம் அவர்கள் விரும்பிக் கேட்டதே இந்த ஹாம் ரேடியோ லைசென்ஸைப் பற்றித்தான். அது போனால் வேலையும் போகும். அதற்குக் காரணம் தான்தான் என்று அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அவள் உங்களிடம் வேறு என்னவெல்லாம் சொன்னாள் என்பதையும் எனக்கு எழுதுங்கள்.

சிட்டு (இப்போது எழுதுவது நிஜமான சிட்டு)


ஜூன் 14

அம்மாடி,

உன் கடிதத்தைப் பத்துத் தடவை படித்துவிட்டேன். சகோதரி சகோதரி என்று எழுதிய பிறகு இப்படித் திடீரென்று 'அம்மாடி' என்று மாறுவது எனக்கே சங்கடமாக இருக்கிறது. நாலு தடவை பேசியும் ஏமாந்தேனே என்று முதலில் கோபம் வந்தது. பிறகு நினைத்தால், அந்த அம்மா என்னிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. பெயரைத் தவிர.

நீ கேட்டதற்குப் பதில். எழுதாமல் விட என்னால் முடியாது. லைசென்ஸ் இல்லாதவரோடு நாலு தடவை பேசியது என் லாக்கில் மையால் எழுதியிருக்கிறது. கிழித்துப் போட்டால் அந்தப் புத்தகத்தில் மிச்சம் இருப்பதை யார் நம்புவது? ஆனால் ஒரு வழி இருக்கிறது. நடந்ததை நீயே அலுவலகத்துக்கு எழுது. தானாக வந்து சொன்னவர்களை மூன்று மாதம் நிறுத்தி வைப்பார்கள். பிறர் சொல்லிப் பிடிபட்டால்தான் ரத்து. பதினெட்டு வரை நான் பேனாவைத் தொட மாட்டேன்.

இன்னொன்றும் தெரிந்துகொள். லைசென்ஸ் உள்ளவள் நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், உன் அம்மா பேசியதில் தப்பே இல்லை. விதி அதை அனுமதிக்கிறது. ஒரு நாற்காலி தூரம்தான் குற்றம்.

பெரிய யோக்கியன் மாதிரி எழுதுகிறேன், நானும் ஒன்றும் சுத்தமில்லை. பதினொரு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில்தான் என் ரேடியோ இருக்கிறது. மோட்டார் ஓடினால் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. அதனால் தினமும் பதினொரு மணிக்கு 'பழுதுபார்ப்பு' என்று பலகை மாட்டி லிஃப்டை நிறுத்திவிட்டுப் பேசுவேன். மூச்சு வாங்கப் படியேறுகிறவர்கள் என்னைத் திட்டுவது மேலே வரை கேட்கும்.

அம்மா வேறு என்ன சொன்னார் என்று கேட்டிருக்கிறாய். உன்னிடம் சொல்லாததை என்னிடம் சொன்னார் என்றால் அதை உனக்குக் கொண்டுவந்து கொடுக்க நான் யார்? அவரிடமே கேள். ஆனால் ஒலி எப்படி இருந்தது என்று நான் குறித்தது என் சொத்து. அதைத் தருகிறேன். டாக்டரிடம் காட்டு.

மே 7: மணி மாதிரி தெளிவு. மே 15: ஓரத்தில் கரகரப்பு. மே 27: சொல்லின் கடைசி எழுத்து தேய்கிறது. ஜூன் 5: இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்குகிறார். பாதி புரியவில்லை.

அதன் பிறகு அவர் வரவில்லை. நான் தினமும் கூப்பிட்டுப் பார்க்கிறேன்.

லிஃப்ட்காரர்


ஜூன் 18

மதிப்பிற்குரிய ஐயா,

அலுவலகத்துக்கு ஈமெயிலில் எழுதிவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. நேற்று அங்கிருந்து ஓர் அதிகாரி போனில் பேசினார். வியாழக்கிழமை, இருபத்தைந்தாம் தேதி, லைசென்ஸைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டுமாம். மூன்று மாதம். அதுவரை நான் வீட்டில் இல்லாதபோது ரேடியோவைப் பூட்டி வைக்கச் சொன்னார். வேலை தருகிற கம்பெனிக்கும் நானே எழுதினேன். இன்னும் பதில் இல்லை.

அம்மாவைப் பார்த்த டாக்டரம்மாவைத் தேடிப் போய்ப் பார்த்தேன். உங்கள் நாலு வரியை இரண்டு தடவை படித்தார். "ஒரு மாசத்துல இவ்வளவா?" என்று கேட்டுவிட்டு, வரும் புதன்கிழமை காலைக்கே ஊசிப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அதற்கு மேல் ஒரு நாளும் தள்ளக் கூடாது என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைக்காமலேயே கேட்டாள்.

"என்னடி, பெத்தவளை வேவு பாக்கிறியா?"

"நீதாம்மா என் லைசென்ஸ்ல பேசியிருக்க."

"பேசினா என்ன? பரீட்சை எழுதினவங்களுக்குத்தான் காத்து சொந்தமா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முகம் தெரியாத மனிதரிடம் சொன்னதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அந்த மனுஷன் மூஞ்சிய நான் பாக்கப் போறதில்ல. சொல்லிட்டு எழுந்து வேலைக்குப் போயிடலாம். உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இதை எப்படிடி சொல்றது?"

டிக்கெட்டை ரத்து செய்யப் போகிறேன் என்றேன். அப்போதுதான் ஊசியைத் துணியில் குத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"ரத்து பண்ணிப் பாரு. அப்புறம் ஆஸ்பத்திரி வாசலை நான் மிதிச்சா கேளு. நீ பிளேன் ஏறு, மறுநாள் நான் போறேன். நீ போகலைன்னா நானும் போகலை. அவ்வளவுதான்."

உங்கள் கடிதத்தில் அந்த நாலு வரியை மட்டும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "அவரா இப்படி எழுதினாரு?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும், "போடி. நீயே எழுதிக்கிட்டு வந்து படிக்கிற. அவரு என்கிட்ட இதெல்லாம் சொல்லவே இல்லையே" என்று மறுபடியும் மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். கையெழுத்தைக் காட்டினால் அவளுக்கு எல்லாக் கையெழுத்தும் ஒன்றுதான். இரண்டு நாளாக இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சாப்பிட்டாயா என்பதைக்கூடத் தட்டை நகர்த்தி வைத்துத்தான் கேட்கிறாள். குரலைச் சேமிக்கிறாளா, என் மேல் கோபமா என்று எனக்குத் தெரியவில்லை.

இன்று மதியம் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து நான் வந்தபோது, பூட்டிய ரேடியோப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அந்தச் சாவியை நான்தான் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். எனக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தவளை, லைசென்ஸின் பேரைச் சொல்லி நானே வெளியே நிறுத்திவிட்ட மாதிரி இருந்தது.

அவளை இழுத்துக்கொண்டு போக எனக்குத் தெம்பு இல்லை. அவளோடு வாதாடி ஜெயிக்கவும் வராது. சின்ன வயதிலிருந்தே வகுப்பில் கை தூக்காதவள் நான். தெரிந்த பதிலைக்கூட மனதுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முதல் கடிதத்தில் கேட்க வந்ததைக் கேட்காமலே முடித்தேன், இரண்டாவதில் லைசென்ஸுக்காகக் கெஞ்சினேன். இப்போது கேட்கிறேன்.

செவ்வாய்க்கிழமை, இருபத்துமூன்றாம் தேதி, கடைக்கு லீவு போட்டிருக்கிறேன். காலை பத்தே முக்காலுக்குப் பெட்டியைத் திறந்து வைப்பேன். அம்மா மைக் முன்னால் இருப்பாள், பக்கத்து நாற்காலியில் நான் இருப்பேன். எங்கள் அழைப்புக்குறியைச் சொல்லி நீங்கள் கூப்பிட வேண்டும். நான் எழுதியதையும் மறைக்க வேண்டாம். மே மாதம் அவள் குரல் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்பதை, எனக்கு எழுதியது போலவே, ஒன்றையும் குறைக்காமல் உங்கள் வாயால் அவளிடம் சொல்லுங்கள். ஆறுதல் சொன்னால் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாள். அதனால் ஆறுதல் வேண்டாம்.

அவள் பதில் பேசாமல் இருந்தாலும் விட்டுவிடாதீர்கள் ஐயா. புதன்கிழமை போகிறேன் என்று அவளே சொல்லும்வரை, தயவுசெய்து விடைபெற்றுக்கொள்ளாதீர்கள்.

சிட்டு