வீட்டில் மகன் உண்டா

அனகாபுத்தூர்
18.7.1993

அன்புள்ள ஜெயவேலு அண்ணாவுக்கு,

உன் தங்கை வேதா எழுதுகிறேன். நீ பம்பாயில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் சொல்வதையே நானும் சொல்லி ஆரம்பிக்கிறேன். இந்த விலாசத்தைச் சவுரிமுத்து அண்ணனிடம் வாங்கினேன். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. உன் சிநேகிதர் தரமாட்டேன் என்றுதான் சொன்னார். பல்லாவரம் ஸ்டேஷனில் அத்தனை பேர் நடுவில் நின்று நான்தான் விடாமல் கேட்டேன்.

அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியுமோ தெரியாதோ. நீ வீட்டைவிட்டுப் போன அதே வருஷம், மார்கழியில் தோல் ஷெட் மிஷினில் அவருடைய வலது கை மாட்டிக்கொண்டது. கட்டை விரலும் சுண்டு விரலும்தான் மிச்சம். மணிக்கட்டு மடங்காது. அப்போதே உன் பழைய ரூமுக்கு எழுதினேன், கடிதம் திரும்பி வந்துவிட்டது. பிறகு ஷெட்டையும் மூடிவிட்டார்கள்.

அம்மா பல்லாவரம் சந்தையில் கருவாடு விற்கிறாள். மழைக்காலத்தில் அதுவும் இல்லை. நான் பி.காம். முடித்து ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறேன். தை மாதம் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கம். நான் போன பிறகு இங்கே அடுப்பு எப்படி எரியும் என்று நினைத்துத்தான், ஊனமுற்றோர் பென்ஷனுக்கு மனு போட இப்போதே ஏற்பாடு செய்கிறேன்.

அதில் முதல் சண்டை அப்பாவோடு. டாக்டரைப் பார்க்கப் போகிற அன்று முழுக்கைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு நின்றார். கையை மேல்துண்டுக்குள் வைத்திருந்தார். பெரிய மனிதர்களிடம் போகும்போது குறையைக் காட்டக்கூடாதாம். போட்டோ ஸ்டுடியோவிலும் அப்படித்தான். போட்டோக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பெரிசு, நீ இன்னா பொண்ணு பாக்கவா வந்துகீற? கைய வெளிய நீட்டுபா" என்றார். அப்பா நீட்டினார். படம் எடுத்ததும் கையை மறுபடி துண்டுக்குள் வைத்துக்கொண்டார். ஆனால் டாக்டர் சர்டிபிகேட் கிடைத்துவிட்டது.

அதன் பிறகுதான் நாங்கள் நினைக்காத இடத்தில் மாட்டிக்கொண்டோம். தாலுகா ஆபீஸில் கிளார்க்கிடம் முன்கூட்டியே விசாரித்தேன். ஆதரவு இல்லாதவர்களுக்குத்தான் பென்ஷனாம். வயது வந்த மகன் இருந்தால் கிடையாது. வி.ஏ.ஓ. வீட்டுக்கே வந்து விசாரிப்பார். "பையன் உண்டா?" என்று கிளார்க் என்னைக் கேட்டார். "கேட்டுச் சொல்றேன் சார்" என்றேன். பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்துவிட்டார். இத்தனை நாள் இந்த வீட்டுக்கு அரிசி வாங்குகிறவள் எதிரிலேயே நிற்கிறேன். என்னைப் பற்றி அவர்கள் கேட்கவே இல்லை. மகள் அந்தக் கணக்கில் வரமாட்டாள்.

பக்கத்து வீட்டுக் கங்கம்மா அக்கா ஒரு வழி சொன்னார். ரேஷன் கார்டில் உன் பேரை எடுத்துவிட்டு, கேட்டால் மகன் இல்லை என்று சொல்லிவிட வேண்டுமாம். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. செத்தவர்கள் பேரைத்தான் கார்டில் அடிப்பார்கள் என்றாள். இருந்தாலும் கங்கம்மா அக்கா விடவில்லை. தானே வி.ஏ.ஓ. மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்று, "இன்னாமா, புள்ள கீறானா?" என்று கேட்டார். அம்மா சட்டென்று எழுந்து, "கீறான் சார். பாம்பேல பெரிய கம்பெனி" என்றாள். அக்கா தலையில் அடித்துக்கொண்டார். நானும் சிரித்தேன். அப்பா எழுந்து ஆற்றுப் பக்கம் போய்விட்டார்.

சிரித்தது தப்பு. மனுவைக் கொடுத்திருந்தேன். நேற்று முன்தினம் தலையாரி குப்பன் வந்தார். வி.ஏ.ஓ.வுக்கு முன்னால் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர் அவர்தான். நான் கடையில் இருந்தேன். அம்மா அவரை உட்காரவைத்து டீ கொடுத்து, நீ மாதாமாதம் பணம் அனுப்புவதாகவும், தீபாவளிக்கு அப்பாவுக்குப் பட்டுக்கரை வேட்டி அனுப்பியதாகவும் சொல்லியிருக்கிறாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டேன். "மூணாம் மனுஷன் கேக்குறான். என் புள்ளய நான் எப்டிடீ வுட்டுக் குடுப்பேன்?" என்கிறாள். குப்பன் நல்லவர். தெருமுனையில் என்னை நிறுத்தி, "பாப்பா, உங்கம்மா சொன்னத நான் காதுல வாங்கல. ஐயாகிட்ட இதையே சொன்னா மனு அவ்ளோதான். திங்கக்கெழமைக்கு அடுத்த திங்கக்கெழம வர்றாரு, பாத்துக்க" என்றார்.

எனக்கு நாட்கள் போதவில்லை அண்ணா. மகன் இல்லை என்று அம்மா சொல்லமாட்டாள். அவளைச் சொல்லவைக்க எனக்கும் மனம் இல்லை. அது பொய். கிளார்க்கிடம் மறுபடி போய் உண்மையைச் சொன்னேன். "தனியாப் போயிட்டான், பார்க்கறதில்லைன்னா அதை அவனே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும்மா. சேர்த்து வைப்போம். தாசில்தார் முடிவு பண்ணட்டும்" என்றார்.

அதனால்தான் இத்தனையும் எழுதுகிறேன். உன்னிடம் பணம் கேட்கவில்லை. ஏன் எழுதவில்லை என்றும் கேட்கவில்லை. உனக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது என்று சவுரிமுத்து அண்ணன் வாய்தவறிச் சொல்லிவிட்டார். பெண் குழந்தையாமே. என்ன பேர் வைத்திருக்கிறீர்கள்? அண்ணியின் பேரும் எனக்குத் தெரியாது. அம்மாவிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

பெற்றவர்களைப் பராமரிக்க என்னால் இயலவில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு உடனே தபாலில் சேர்த்துவிடு. அதற்காக உன்னைத் தவறாக நினைக்கமாட்டேன். ஆனால் உன் கடிதம் வந்தது தெரிந்தால், அம்மா என்னை எதிரில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்வாள். அதை நான் அவளுக்குப் படிக்க முடியாது. அதனால் கவருக்குள் இன்னொரு தாளும் வை. அதில் அம்மாவுக்கு என்று ஏதாவது எழுது. என்ன சாப்பிடுகிறாய், அங்கே மழை எப்படி, குழந்தை யார் ஜாடை, எதுவானாலும் சரி. ஒன்று ஆபீசுக்கு, ஒன்று வீட்டுக்கு.

அண்ணியும் குழந்தையும் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நீயே வருவதாக இருந்தால் இரண்டு தாளும் எழுத வேண்டாம்.

உன் பதிலை எதிர்பார்க்கும் தங்கை,
பொ. வேதா