நடுத்தட்டு உனக்குத்தான்

கண்ணு,

குழந்தையும் நீயும் அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனசு வரவில்லை. அப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடு.

ஸ்டோர் ரூம் சுவரில் அப்பா மாட்டிய கம்பித் தட்டுகளில் நடுத்தட்டு உனக்கு என்று அவர் சொன்னதும், "எனக்குத் தனித் தட்டா? இனிமே தனியா பொங்கித் தின்னுன்னு சொல்றீங்களா?" என்று நேற்று கேட்டுவிட்டாய். மனுஷன் ராத்திரி சாப்பிடவே இல்லை.

மாப்பிள்ளையோடு கோபித்துக்கொண்டு வந்த நாளிலிருந்து நீ பால் டின்னைக்கூடப் பையிலிருந்துதான் எடுக்கிறாய், விருந்தாளி மாதிரி. "பொண்ணு இன்னும் பையைப் பிரிக்கலையே" என்று புலம்பிப் புலம்பித்தான், உன் சாமானை எடுத்து வைக்க அந்தத் தட்டுகளை வாங்கி வந்தார். உயரம் சரியில்லையென்றால் தட்டைத் தூக்கிவிட்டு, கொக்கிகளைச் சுவர்ப் பட்டையில் வேறு ஓட்டையில் மாட்டிக்கொள். மேல்தட்டில் மட்டும் எதையும் வைக்காதே, ஒரு ஸ்க்ரூ இன்னும் ஆடுகிறது.

வாசல் சாவி ஜன்னலோரம்.

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், கை வரவில்லை. மாப்பிள்ளை போன் பண்ணினார். மத்தியானம் உன்னைக் கூட்டிப் போக வருகிறாராம். "அவளைக் கேட்டுட்டு வாங்க" என்றேன், சட்டென்று போனை வைத்துவிட்டார்.

உனக்கு மனசிருந்தால் கதவைத் திற. இல்லையென்றால் எங்கள் முகத்துக்காகத் திறக்காதே. நாங்கள் வந்து பேசிக்கொள்கிறோம், அதுவரை அவர் வாசலிலேயே நிற்கட்டும்.

அம்மா