பழகியதற்குச் சான்று

வரிச்சிக்குடி
9 பிப்ரவரி 2025

அன்புள்ள டெல்பின்,

நேற்றுதான் போனில் பேசினோம், இன்றைக்குக் கடிதம் எழுதுகிறானே, இவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று நினைப்பாய். எல்லாம் நம் கல்யாணப் பேப்பர்களைத் தயார் செய்கிற ஜெய்னுலாபுதீன் பாய் சொன்னதுதான். "பொண்ணு பிரெஞ்சு நேஷனாலிட்டி, மாப்ள இந்தியா. நெசமாப் பழகுனாங்களா, பேப்பருக்காகக் கட்டிக்கிறாங்களான்னு கேப்பாங்க தம்பி. போட்டோ மட்டும் பத்தாது. கையால எழுதுன லெட்டர் இருந்தா நல்லது, கவரோட வைங்க. வூட்டுக் கஷ்டத்த மட்டும் எழுதிப்புடாதீங்க. பொழைக்க வர்றவன்னு நெனச்சுப்பாங்க."

ஆகவே இதைப் படிக்கப்போகும் அதிகாரிக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நாம் காரைக்காலில் ஒரே கல்லூரியில் படித்தோம். நான் விவசாயி மகன், நீ தருமபுரத்துக் கிறிஸ்தவப் பெண், தாத்தா காலத்திலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். கூட்டமான பஸ்ஸில் எனக்குப் பையைப் போட்டு இடம் பிடித்தவள் நீ. ஐந்து வருடமாக விரும்புகிறோம். நீ உன் அம்மாவோடு பாரீஸ் பக்கம் சார்செல்லுக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. போதுமா?

சம்பா அறுத்தாயிற்று. அடியில் தெளித்த உளுந்து முளைத்துவிட்டது. அப்பா உன்னைக் கேட்டார். என் அம்மா இறந்த பிறகு நான் வைக்கிற குழம்பு எதுவும் அவருக்குப் பிடிப்பதில்லை.

உன்
முருகானந்தம்

*

சார்செல்
1 மார்ச் 2025

அன்புள்ள ஆனந்த்,

எனக்கே என்னை அறிமுகம் செய்து வைத்ததற்கு நன்றி. போலீஸ் ஸ்டேஷன் வாக்குமூலம் தோற்றது.

அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. வெளியே உட்கார்ந்து எழுதுகிறேன். நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் லூசி என்று ஒரு பெண். அவளும் அவள் நண்பனும் சேர்ந்து வாழ்கிறார்கள். டீ குடிக்கப் போகும்போதெல்லாம் போன் செய்து, உன்னை விரும்புகிறேன் என்று அவனிடம் சொல்கிறாள். சண்டை வந்தால் நம் உறவு எப்படிப் போகிறது என்று இருவரும் உட்கார்ந்து பேசுகிறார்கள், வண்டியை சர்வீஸுக்கு விடுவதுபோல. நீ அப்படி என்னிடம் சொன்னதே இல்லை என்றேன். "பிறகு உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். சாப்பிட்டியா என்று கேட்பான், அதில் தெரியும் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அன்றைக்கு முழுவதும் எனக்குமே கொஞ்சம் புரியாமல் போயிற்று.

டெல்பின்

*

வரிச்சிக்குடி
23 மார்ச் 2025

அன்பே டெல்பின்,

உன்னை நினைக்காத நாளே இல்லை. உன் குரலைக் கேட்காவிட்டால் சோறு இறங்க மறுக்கிறது. நீ இல்லாத கடற்கரையில் எனக்கு நடக்கவே பிடிக்கவில்லை. இந்த ஜென்மத்தில் நீதான் என் மனைவி.

இங்கு அனைவரும் நலம். வேலை அதிகம் என்பதால் போனை எடுக்க முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

என்றும் உன்
முருகானந்தம்

*

சார்செல்
14 ஏப்ரல் 2025

ஆனந்த்,

கடிதத்தை இல்லத்தின் நடைவழியில் நின்றே படித்தேன். கண் நிறைந்துவிட்டது. யூனிஃபார்ம் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். மறுநாள் திரும்பவும் படித்தபோது என் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்பது தெரிந்தது. என்னை நீ 'அன்பே' என்று கூப்பிட்டதும் கிடையாது. இது எனக்கு எழுதியதா, அதிகாரிக்கா?

நான் பார்த்துக்கொண்ட மதாம் ரெனே என்ற அம்மாள் போன வாரம் என் கையைப் பிடித்தபடியே இறந்துபோனார். உன்னைக் கூப்பிட வேண்டும் போலிருந்தது. ஆனால் போனை எடுப்பதற்கு முன்பே, இதைக் கடிதத்தில் எப்படி எழுதலாம் என்று மனம் வாக்கியம் சேர்க்கிறது. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. அப்புறம் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை.

டெல்பின்

*

வரிச்சிக்குடி
4 மே 2025

டெல்பின்,

எனக்கு நன்றாகவே கோபம் வந்தது. நான் முதலில் எழுதியதைப் பாய் படித்துவிட்டு, "லவ் கொஞ்சம் கம்மியா இருக்கு தம்பி" என்றது உண்மைதான். இரண்டு வரி அவரே சொன்னார். அதனால் அது பொய்யாகிவிடுமா? டீக்கடையில் என்னை 'பிரான்ஸ் மாப்ள' என்கிறார்கள். பேப்பருக்காகத்தான் உன்னைப் பிடித்தேனாம். ஊர் சொல்வதைத் தாங்கிக்கொள்ளலாம், நீயும் கேட்டால் நான் எங்கே போவேன்?

அம்மாவைக் கேட்காதது தப்பு. எப்படி இருக்கிறார்கள்?

முருகானந்தம்

*

சார்செல்
25 மே 2025

ஆனந்த்,

நேற்று தருமபுரத்திலிருந்து டெய்சி அத்தை பேசினாள். "அந்தப் பையனோட அப்பா வரப்புல வழுக்கி வுழுந்து, இடுப்பு ஒடஞ்சு படுக்கையில கெடக்காரு. அவந்தான் அள்ளிக் கொட்டுறான். ஒனக்குத் தெரியாதாடி?"

தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தெரியும் என்றேன்.

நான் இங்கே சம்பளத்துக்கு முதியவர்களைக் குளிப்பாட்டுகிறவள். படுத்தவரை எப்படித் திருப்புவது, முதுகில் புண் வராமல் எப்படிப் பார்ப்பது என்று என்னைக் கேட்டிருக்கலாமே. எனக்கு நன்றாகத் தெரிந்தது அது ஒன்றுதான். அதை நீ என்னிடம் கேட்கவில்லை.

அதிகாரியை விட்டுவிடு. எனக்கு மட்டும் சொல். உனக்கு இங்கே வர விருப்பமா?

டெல்பின்

*

வரிச்சிக்குடி
16 ஜூன் 2025

டெல்பி,

பங்குனி பிறந்ததும் விழுந்தார். வீட்டுக் கஷ்டத்தை எழுதாதே என்று பாய் சொல்லியிருந்தார். எழுதவில்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்று எடுக்கவும் இல்லை. 'சோறு இறங்க மறுக்கிறது' பாய் சொன்ன வரிதான். ஆனால் அதை எழுதியது ஆஸ்பத்திரி வராந்தாவில். அன்றைக்கு நிஜமாகவே இறங்கவில்லை.

எனக்கு அங்கே வர விருப்பமில்லை. அப்பா விழுவதற்கு முன்பும் இருந்ததில்லை. உன்னோடு இருக்கத்தான் ஆசை. இரண்டையும் ஒரே மனுவில் எழுத முடியாது என்பதால் முதலாவதை எழுதாமல் விட்டேன். ஃபைலைப் பாயிடமிருந்து திருப்பி வாங்கிவிட்டேன். "ஏன் தம்பி?" என்றார்.

நீ வந்துவிடேன் என்று கேட்க வாய் வருகிறது. உன் அம்மாவை நினைத்தால் கேட்க முடியவில்லை.

அப்பாவுக்கு முதுகில் புண் வந்துவிட்டது.

ஆனந்த்

*

சார்செல்
7 ஜூலை 2025

ஆனந்த்,

முதலில் அப்பா. புண்ணை உடனே டாக்டரிடம் காட்டு. ஒரே பக்கமாகப் படுக்க விடாதே, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வை. திருப்பும்போது தோளைப் பிடித்து இழுக்காதே. இடுப்புக்கு அடியில் துணியை விரித்து, துணியோடு சேர்த்துத் திருப்பு. தனியாக முடியாது, யாரையாவது துணைக்குக் கூப்பிட்டுக்கொள்.

அம்மாவை இங்கிருந்து நகர்த்த முடியாது, ஆனந்த். நான் வரமாட்டேன், நீயும் வரமாட்டாய். காத்திரு என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீ காத்திருப்பாய், அதுதான் பயம். உனக்கு வீட்டில் ஒரு ஆள் வேண்டும், இப்போதே வேண்டும்.

உன்னோடு இருக்கத்தான் ஆசை என்று அவன் சொல்லிவிட்டதை லூசியிடம் சொன்னேன். சந்தோஷம்தானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அது பொய்யில்லை.

மற்றக் கடிதங்களை என்ன வேண்டுமானாலும் செய்துகொள். நீ கடைசியாக எழுதியது என்னிடமே இருக்கட்டும். நாம் பிரிந்ததற்கு யாரும் சான்று கேட்கப் போவதில்லை.

சாப்பிட்டியா?

டெல்பின்