ஏலத்துக்குப் போன பச்சை கவுன்

புத்தூர்,
21-2-1960

எங்கள் பிரியமுள்ள மகள் கிருபாவதிக்கு நைனா எழுதுவது. கர்த்தருடைய இரக்கத்தால் நானும் அம்மாவும், கன்று போட்ட சிவப்புப் பசுவும், நீ அனுப்பிய தையல் மிஷினும் இங்கே சுகமாக இருக்கிறோம். அங்கே டாட்டா நகரில் நீயும் மாப்பிள்ளை அசரியாவும் பேரப்பிள்ளையும் எங்களைவிட ஒரு பங்கு கூடுதலாகச் சுகமாயிருக்கும்படி தினமும் ஜெபிக்கிறோம். மல்லாட்டை பிடுங்கியாயிற்று, இந்த வருஷம் கடலை பருமன். வருகிற ஏப்ரலில் திருத்தணி மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போய்விடுகிறதாம், புத்தூர் ஆந்திராவிலேயே இருக்கிறதாம். நாங்கள் எங்கேயும் போகவில்லை, அதே வீடு, அதே கிணறு, ஆபீசுக்குப் போனால் மட்டும் தெலுங்கில் எழுதிக்கொண்டு வா என்கிறான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மிஷின் வந்த நாளிலிருந்து உன் அம்மா பட்ட பாட்டை நீ பார்க்கவில்லையே என்று இருக்கிறது. முதலில் மிதித்தால் சக்கரம் பின்பக்கம் சுற்றும், நூல் அறும், உடனே மிஷின் மேல் கோபம், அப்புறம் என் மேல் கோபம். நூல் கோக்காமல் காகிதத்தில் கோடு ஓட்டிப் பழகு என்று யாரோ சொல்லிவிட்டார்கள், அன்றிலிருந்து நான் படிக்கும் முன்னே பேப்பர் மிஷினுக்குப் போய்விடும். எல்லைச் செய்தி முழுக்க ஊசி ஓட்டை. எந்த ஊர் எந்தப் பக்கம் என்று சர்க்கார் முடிவு செய்வதற்குள் உன் அம்மா கோடு போட்டு முடித்துவிட்டாள். பிறகு தலையணை உறை வந்தது, அதற்கப்புறம் எனக்கு ஒரு அரைக்கால் நிஜார், அதில் ஒரு காலை மூடியே தைத்துவிட்டாள், நான் சிரித்ததற்கு இரண்டு வேளை ரசம்தான்.

இந்த நேரத்தில்தான் ஈஸ்டருக்குப் பிள்ளைக்கு ஞானஸ்நானம், அம்மா தைத்த வெள்ளை அங்கியைத்தான் போடுவேன் என்று நீ எழுதினாய். அம்மா வீட்டு அங்கி வருவது நம் சபை வழக்கந்தான், ஆனால் நம் சபையில் பிறந்த பிள்ளைகள் எல்லாருக்கும் தைத்தது தபீதாள் அம்மாள். வேதத்தில் உடுப்புத் தைத்த தபீதாளின் பெயரை வைத்துக்கொண்டு அந்த அம்மாள் வேறு என்ன செய்வாள், தையலில் மயிரிழைகூடப் பிசகாது. உன் அம்மா பயந்தே போனாள். நான் திருப்பதி பஜாரில் வாங்கி வந்த வெள்ளை மல் துணியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். வெட்டி வீணாக்கினால் பேரப்பிள்ளைக்கு ஆகாது, தபீதாளிடமே கொடுத்துவிடலாம் என்றாள். நீ நன்றாகத்தான் தைக்கிறாய் என்று நான் சொன்னால், நீங்க உப்பில்லாத கொழம்பையும் நல்லா கீதுன்னு துன்றவரு, உங்க பேச்ச யாரு நம்புவா என்கிறாள். அதில் தப்பு சொல்ல முடியாது, முப்பது வருஷமாகத் துன்கிறேன்.

கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அறுப்பின் பண்டிகைக்கு வழக்கமான பூசணி கொடுக்காமல் தான் தைத்த பச்சை கவுன் ஒன்றைக் காணிக்கை வைப்பது, ஆராதனை முடிந்து ஏலம் விடும்போது யாராவது கேட்டு எடுத்தால் வெள்ளைத் துணியில் கத்தரி வைப்பது, ஒருவரும் கேட்காவிட்டால் துணி தபீதாள் வீட்டுக்கு. நகரித் தறித் துணி, மாம்பிஞ்சுப் பச்சை, மூன்று வயசுக் குழந்தைக்கு ஆகும் அளவு, முன்னால் ஒரு பாக்கெட், அதில் சிவப்பு நூலில் ஒரு பூ. நான் ஏலம் கேட்கக் கூடாது, யாருக்கும் கண் ஜாடை காட்டக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டாள். நீங்க கைய தூக்கினா அன்னிக்கே மிஷின வித்துடுவேன் என்றாள்.

ஏலத்தன்று, எப்போதும் ஏலம் விடுகிற நம் சபைப் பாலையா ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி ஒகட்டோ சாரி, ரெண்டோ சாரி என்று தெலுங்கில் தரம் கூவக் கூவ கோழிகளும் வாழைத்தாரும் பறந்தன. கவுனைத் தூக்கியதும் ஒருவரும் விலை கேட்கவில்லை. தபீதாள் அம்மாள் கண்ணாடியை இறக்கி ஓரத் தையலைப் பார்த்தாள், மறுபடி கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள், திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. என் கை தானாக எழும்பியது, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். நல்ல வேளையாக மல்லாட்டை வியாபாரி ஆதிநாராயணன், நம் சபை இல்லாவிட்டாலும் வருஷா வருஷம் கோழி எடுக்க வருவாரே அவர்தான், ஒரு விலை சொன்னார், வெதுருகுப்பத்து அம்மாள் ஒருத்தி ஏற்றினாள், இவர் இன்னும் ஏற்றி எடுத்துக்கொண்டு போனார். எனக்கு அல்லேலூயா பாட வேண்டும் போலிருந்தது. ஆனால் உன் அம்மா என்னை விட்டுவிட்டு விறுவிறு என்று முன்னே நடந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து, அவரு நம்ம மல்லாட்ட வாங்கறவரு, நீங்கதான் சொல்லி வெச்சிக்கினு ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கறீங்க என்றாள். வேதத்தைத் தொட்டுச் சத்தியம் செய்கிறேன் என்றேன், அது வேற ஒரு பாவமா என்று சொல்லி மிஷினைப் பழைய போர்வையால் மூடிவிட்டாள். உண்மையைச் சொல்லியும் நம்பாவிட்டால் மனிதன் என்ன செய்வான், எனக்குத் துக்கமாகவே இருந்தது கிருபா.

புதன்கிழமை ஆதிநாராயணன் சம்சாரம் ஜெயம்மா குழந்தையை இழுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். குழந்தை உடம்பில் அந்தப் பச்சை கவுன். இன்னா அக்கா இது, ஒரு தடவ தோச்சதும் இப்டி சுருங்கிக்கினு போச்சு, பாப்பா கைய தூக்க முடியாம கை ஒடிஞ்சி புத்தூர் கட்டு போட்ட மாதிரி நிக்கிறா, எங்க வீட்டுக்காரரு போட்டி போட்டு எடுத்தாரு, இத்த சரி பண்ணிக் குடு, பூ போட்ட பாக்கெட்ட மட்டும் தொடாத, அதுக்கோசரந்தான் அழுது வாங்கிக்கினா என்று ஒரே மூச்சில் கொட்டினாள். அம்மாவுக்கு இருந்த கொஞ்ச தைரியமும் போயிற்று என்று நினைத்து, நான் வேறு கவுன் வாங்கித் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். உன் அம்மா அடுப்பங்கரையிலிருந்து ஈரக் கையோடு வந்து குழந்தையின் கையைத் தூக்கிப் பார்த்தாள். ஐயோ, கஞ்சித் துணிய ஊறப் போடாம வெட்டிட்டேன் என்றாள். தறித் துணியைக் கஞ்சி போக அலசிவிட்டுத்தான் வெட்ட வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், பயத்தில் மறந்திருக்கிறாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஜெயம்மா கோபமாக நிற்கிறாள், இவள் சிரிக்கிறாள், எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. போர்வையை எடுத்து வீசிவிட்டு உட்கார்ந்து பிளேடால் தையலைப் பிரித்தாள். எங்கே குறைந்துபோகுமோ என்று பயந்து உள்ளே நிறையத் துணி மடித்து விட்டிருந்தாள், அந்தத் துணி இப்போது உதவியது. ஜெயம்மா வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் கையும் அக்குளும் பெரிதாகிவிட்டன. பாப்பா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நம் பசுவிடம் ஓடிற்று.

அவர்கள் போனதும் உன் அம்மா என்னிடம், பாவம்னோ, நீங்க சொல்லியோ வாங்கினவங்க சண்டைக்கி வருவாங்களா என்று கேட்டாள். வரமாட்டார்கள் என்றேன். அன்று சாயங்காலமே வெள்ளைத் துணி தொட்டியில் ஊறியது. மறுநாள் கத்தரிச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன், இது சரியா என்று என்னை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், கண் கலங்கிவிட்டது, பசுவுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

அங்கியை நாளைக்குப் பார்சலில் அனுப்புகிறோம். உள்ளே துணி மடித்து விட்டிருக்கிறாள், பிள்ளை எவ்வளவு கொழுத்திருந்தாலும் பிரித்துப் பெரிதாக்கலாம். காலைப் பனியில் பிள்ளையை வெளியே எடுக்காதே, தண்ணீரைக் காய்ச்சிக் கொடு, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. உங்கள் மூவரையும் கர்த்தர் கண்மணிபோல் காப்பாராக. ஒன்றை மட்டும் மறக்காதே. அங்கி வந்ததும் ரொம்ப நல்லா இருக்குது என்று எழுதிவிடாதே, அதை அவள் நம்ப மாட்டாள், அந்த வேலைக்கு இங்கே நான் ஒருவன் போதும். பிள்ளைக்குப் போட்டு நாலு பக்கமும் திருப்பிப் பார்த்து, எப்படியாவது ஒரு குறை கண்டுபிடித்து எழுது. நானும் விளக்கருகில் வைத்துத் தேடிப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

இப்படிக்கு,
உப்பில்லாத குழம்பு துன்னும்
உன் நைனா